நான்காவது வரியில் அப்பா

பதினோரு கதைகள் வந்திருந்தன.
ஒன்பதில் யாராவது செத்திருந்தார்கள்.

நீடாமங்கலம் நூலகத்து மாடி.
மின்விசிறி ஒன்று, பிளாஸ்டிக் நாற்காலி பன்னிரண்டு.
அதில் ஒன்றுக்குக் கால் சரியில்லை.
எழுத்துப் பட்டறை தொடங்குமுன்
அதில் யார் உட்காருவதென்று சீட்டுக் குலுக்குவோம்.
இந்த மாதமும் நான்.

கதிரொளி ஒரு கிராமத்தையே புயலுக்குக் கொடுத்துவிட்டு
நாய்க்குட்டி ஒன்றை மட்டும் மிச்சம் வைத்திருந்தான்.
ருக்சானா தம்பியை வெண்ணாற்றில் விட்டிருந்தாள்.
நான் அப்பாவைக் கொன்றிருந்தேன்.
கடன், கருகிய பயிர், வரப்பில் உருண்ட மருந்துப் புட்டி.
போன வருடம் மாவட்டப் போட்டியில்
முதல் பரிசு வாங்கிய கதையில் வந்த
அதே வரிசை.
நான்காவது வரியிலேயே முடித்துவிட்டேன்.
மீதி இரண்டு பக்கமும் ஒப்பாரி.

ருக்சானா வாசித்துக்கொண்டிருந்தபோது
படியேறி வந்தான் ஒருவன்,
பதினோரு வயது, கையில் சைக்கிள் சாவி.
அக்காவை அழைத்துப் போக வந்தவன்
கதவோரம் நின்று தன் சாவை முழுக்கக் கேட்டான்.
பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னான்:
"எனக்கு நீச்சல் தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை முதலில்.
"மதகுலேர்ந்து குதிப்பேன். இவளுக்கும் தெரியும்,
இவதான் துண்டு புடிச்சுக்கிட்டு நிப்பா."

ருக்சானா தாளை மடித்தாள். இன்னும் ஒருமுறை மடித்தாள்.
பட்டறை நடத்தும் வினோதினி அக்கா
(எங்களைவிட ஏழு வயதுதான் கூட,
மன்னார்குடியில் ஜெராக்ஸ் கடை)
பலகையில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு எழுதினாள்:
இன்றைக்கு யாரும் சாகக் கூடாது.
கீழே, சின்ன எழுத்தில்:
காய்ச்சல் வரலாம். நூறைத் தாண்டக் கூடாது.

சாகடித்தபோது இவ்வளவு கஷ்டமில்லை.
உயிரோடிருக்கும் ஆள்
ஐந்தாவது வரியில் என்ன செய்வார்?
இருமினார் என்று எழுதினேன். அடித்தேன்.
வானத்தைப் பார்த்தார் என்று எழுதினேன்.
கதிரொளி எட்டிப் பார்த்தான்:
"உங்கப்பா மழைய எப்பவும் போன்லல்ல பாப்பாரு?"
அடித்தேன்.
ஐந்தரை மணிவரை அப்பா
அந்தத் தாளில் எழுவதும் விழுவதுமாக இருந்தார்.

வந்தார், டி.வி.எஸ்ஸில்,
பின்னால் தார்ப்பாய்ச் சுருள்.
அதன்மேல் ஏறி உட்கார்ந்தேன்.
கேட் போட்டிருந்தார்கள்.
எங்கள் ஊரில் கேட் போட்டால்
ஒரு அத்தியாயம் எழுதிவிடலாம்.
நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ் ஒன்று
போவதா நிற்பதா என்று தீர்மானிக்காமல் நகர்ந்தது.
பஸ் ஜன்னல்களுக்குக் கீழே
வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டு போனார்கள்.

"இன்னிக்கும் பத்தொன்பதுன்னு காட்டுது" என்றார்.
கொள்முதல் நிலையத்தில் ஈரம் பதினேழைத் தாண்டக் கூடாது.
நாலு ராத்திரியாக நெல்லோடு படுக்கை.
"மீட்டர்காரன் என்னையப் பாத்தான்,
நான் மீட்டரப் பாத்தேன்,
மீட்டரு யாரையும் பாக்கல."
சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை, பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"கதை எழுதுனியா?"
"உங்களப் பத்திதான்."
கண்ணாடியை என் முகத்துக்குத் திருப்பினார்.
"நல்லவனா, கெட்டவனா?"

கூட்ஸின் கடைசிப் பெட்டி போகும்வரை
யோசிக்க நேரம் இருந்தது.
"இருக்கீங்க" என்றேன்.

அது போதும்போலத் தலையாட்டினார்.
மீசையில் ஒட்டியிருந்த பதரை
என் கண்ணாடியில் பார்த்துத் தட்டிவிட்டார்.

கேட் தூக்கினார்கள்.
முதல் உதை.
இரண்டாவது.
பின்னால் மன்னார்குடி பஸ் ஹாரன்.
தாள் பைக்குள் அடியில் கிடந்தது,
உள்ளங்கையில் எழுதினேன்:
பத்தொன்பது.
அப்பா மூன்றாவது முறை உதைத்தார்.